மஃரிபுக்குப் பிறகு விழும் மெஷின்

வெள்ளவத்தை
2025 ஜூன் 17

சாமினி,

நீ என் நம்பரை பிளொக் பண்ணிவிட்டாய். வட்ஸ்அப்பில் உன் படம் தெரியவில்லை. ஈமெயில் போட்டேன், பதில் இல்லை. தபால்காரரைப் பிளொக் பண்ண உனக்கு வழி கிடையாது என்று நேற்றுத்தான் நினைவு வந்தது. ஆகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை. எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. கொள்ளுப்பிட்டி ஒஃபிஸில் அத்தனை வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவள், ஒரு பேச்சுக்காக ஆளையே அழித்துவிடுவதா? சரி, அது இருக்கட்டும்.

நீ கட்டித் தந்த கொம்பியூட்டர் விழுகிறது. வேலை செய்துகொண்டே இருப்பேன். திடீரென்று திரை கறுத்துப் போகும். பிறகு அதுவே தன் பாட்டில் திரும்பத் தொடங்கும். சேமிக்காதது எல்லாம் போய்விடும். ஒரு பின்னேரத்தில் மூன்று, நாலு முறை கூட விழுந்திருக்கிறது. நான் லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்குப் பதிகிறேன் என்பது உனக்குத் தெரியாது. நீ மெஷினைக் கட்டித் தந்துவிட்டுப் போன பிறகு கிடைத்தது. அவர்களுக்குக் காலை என்றால் எனக்குப் பின்னேரம். ஜூலை நடுப்பகுதி வரை பரீட்சார்த்தம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம் பற்றிச் சொல்வார்கள். மேற்பார்வைக்கு டில்ஷானி என்று ஒரு பெண். நல்ல பிள்ளைதான். ஆனால் நான் எத்தனை முறை லைனிலிருந்து விழுகிறேன் என்பது அவளுக்கு அங்கே தெரிகிறது.

இந்த வேலை நிரந்தரமானால் சப்ரி என்னையும் மகளையும் விட்டுக் கட்டாருக்குப் போகத் தேவையில்லை. கடை பூட்டின பிறகு அவருக்கு இங்கே ஒன்றும் சரிவரவில்லை. பாஸ்போட் இப்போது கொம்பனித்தெரு ஏஜென்ட்டிடம் இருக்கிறது. மகளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. இவ்வளவும் அந்தப் பெட்டியில் தொங்குகிறது. நான் அவரைப் போக விடமாட்டேன், சாமினி. அதைத்தான் முடிவாக வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு கடைக்காரன், புதிது வாங்குங்கள் என்கிறான். வாங்க முடிந்தால் உனக்கு ஏன் எழுதுகிறேன்? மெஷின் நீ கட்டியது. என்ன கோளாறு என்று நீயே சொல்.

நிஹ்லா


கொட்டாஞ்சேனை
2025 ஜூன் 20

நிஹ்லா,

கடிதம் கிடைத்தது. நம்பர் பிளொக்கிலேயே இருக்கும். ஃபோனில் நீ நான் சொல்வதைக் கேட்பதில்லை, பாதியில் கத்துவாய். கடிதத்திலாவது ஒரு வசனத்தை முடிக்கிறாய்.

நீ "ஒரு பேச்சு" என்று எழுதியிருக்கிறாய். அது என்ன பேச்சு என்று நானே எழுதிவிடுகிறேன், மறந்திருந்தால் தெரியட்டும். உன் மனுஷன் என் வேலைத்தலத்து வாசலில் வந்து நின்று, உள்ளே ஒரு வாடிக்கையாளர் இருக்கும்போது, "பழைய சாமான போட்டு எங்கள ஏமாத்தீட்டீங்க" என்றார். மெஷின் முதல் முறை விழுந்த மறுநாள் அது. திறந்து பார்க்கவும் இல்லை. நீ த்ரீவீலருக்குள் இருந்தாய். இறங்கவில்லை. கள்ளி என்ற பேர் கொட்டாஞ்சேனையில் ஒரு நாளில் பரவும், நான் தனியாகக் கொம்பியூட்டர் திருத்தித் தொழில் செய்கிற பெண். அந்த வாடிக்கையாளர் திரும்ப வரவில்லை.

ஆகவே உன் வீட்டுப் படி ஏறமாட்டேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் அந்த மெஷினில் நான் போட்ட ஒவ்வொரு சாமானும் புதிது. அது விழுகிறது என்றால் எனக்கும் ஏன் என்று தெரிந்தாக வேண்டும். உனக்காக இல்லை, என் கைக்காக.

மெஷினை இங்கே தூக்கி வரவும் வேண்டாம். இங்கே கொண்டு வந்தால் ஒழுங்காக ஓடும், நானும் நல்லாயிருக்கு என்று திருப்பி அனுப்புவேன், உன் வீட்டில் திரும்ப விழும். இது எனக்குப் பல முறை நடந்திருக்கிறது. கோளாறு உன் வீட்டில் தெரிகிறது, உன் வீட்டில்தான் பிடிக்க வேண்டும். உன் கண்தான் எனக்குக் கண்.

முதல் வேலை: விழுந்தவுடன் தானாகத் திரும்பத் தொடங்கும் ஏற்பாட்டை நிறுத்து. எப்படி என்று பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். அதன் பிறகு விழும்போது நீலத் திரையில் ஏதாவது எழுத்து வந்தால் அப்படியே எழுதி அனுப்பு. இரண்டாவது, மல்டி ப்ளக்கைக் கழற்றிவிட்டு மெஷினை நேரே சுவரில் போடு. மூன்றாவது, விழும்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார். மோட்டர் ஓடியதா, அயர்ன் போட்டார்களா, எல்லாம். உனக்குத் தேவையில்லை என்று படுவதையும் எழுது.

சாமினி


வெள்ளவத்தை
2025 ஜூன் 24

சாமினி,

த்ரீவீலரிலிருந்து நான் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஓம், இறங்கவில்லை. மகள் மடியில் நித்திரை. அதோடு சப்ரி உள்ளே போய் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. வந்து ஏறின பிறகுதான் சொன்னார். நான் உனக்கு ஃபோன் எடுத்தேன், அப்போதே பிளொக். இனி அதைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை, மெஷினுக்கு வருகிறேன்.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். நீலத் திரை வரவே இல்லை. எழுத்தும் இல்லை. யாரோ சுவிட்சை நிறுத்தியது மாதிரி படக்கென்று போகிறது. மல்டி ப்ளக் கழற்றியும் அப்படியே. மோட்டர் ஓடும்போது விழவில்லை, நின்று கவனித்தேன். அயர்ன் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் மகளுக்குக் கார்ட்டூன் போட்டுவிட்டால் மதியம் வரை அசையாமல் ஓடுகிறது. அவளுக்கு ஓடுகிறது, எனக்கு விழுகிறது. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் அதற்குப் பைத்தியம் பிடிக்கிறது. பள்ளியில் பாங்கு சொன்னதும் ஜன்னல்களைச் சாத்தி, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முதல் விழுகை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். சப்ரியின் உம்மா, பீபி மாமி, "மகள், இந்த மெசினுக்குக் கண்ணூறு பட்டீக்கிது" என்கிறார். அவர் தன் பாட்டில் அவருடைய வைத்தியத்தைச் செய்கிறார். சப்ரியோ, மெஷின் விழும்போது அறை வாசலில் வந்து நிற்பார், பார்ப்பார், போவார். சனிக்கிழமை பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். எனக்கு அதை ஜன்னலால் எறியலாம் போலிருந்தது.

அவருக்குப் போகத்தான் ஆசை போலிருக்கிறது. ஒவ்வொரு முறை விழும்போதும் முகம் தெளிவாகிறது என்று எனக்குச் சந்தேகம். இதை உன்னிடம் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். வேறு யாரிடம் சொல்வேன்?

அடுத்தது என்ன?

நிஹ்லா


கொட்டாஞ்சேனை
2025 ஜூன் 27

நிஹ்லா,

நன்றாகக் கவனித்திருக்கிறாய். ஒஃபிஸில் இப்படிக் கவனித்திருந்தால் ஜெகதீஸ்வரி அக்காவிடம் அவ்வளவு ஏச்சு வாங்கியிருக்க மாட்டாய்.

நீலத் திரை வராமல் படக்கென்று போகிறதென்றால் மென்பொருளில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. சுவரில் வருகிற கரண்டும் இல்லை. மிஞ்சுவது மூன்று: பவர் சப்ளை, ரெம் என்ற நினைவகத் தகடு, சூடு. பவர் சப்ளை நான் போட்டது, நல்லது. ஆனால் நான் போட்டது என்பதால் மட்டும் அதை விட்டுவிடமாட்டேன். கடைசியாகப் பார்ப்போம்.

இப்போது பெட்டியைத் திற. ஓம், நீதான். ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்று. சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதே, கழற்று. பெட்டியின் இரும்பில் ஒரு தரம் கை வை, உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கட்டும். பக்கத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ, அதைக் கழற்றினால் தகடு பின்னால் இழுபட்டு வரும். உள்ளே ரெம் எது என்று படம் வரைந்திருக்கிறேன். இரண்டு பக்கக் கிளிப்பையும் தள்ளினால் வெளியே வரும். அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய். நீ கடல் பக்கத்தில் இருக்கிறாய், உப்புக் காற்று அந்த விளிம்பைத் தின்னும். தேய்த்துவிட்டு, டக் என்று பூட்டும் வரை திரும்ப அழுத்து.

நடுவில் விசிறி ஒன்று இருக்கும், அதற்குக் கீழே மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக. அந்த இடைவெளிக்குள் வெள்ளை டிஷூ ஒன்றைச் சுருட்டி விட்டுத் துடை. தூசு இருக்கிறதா என்று எழுத வேண்டாம், உன் "கொஞ்சம்" எனக்குத் தெரியும். அந்த டிஷூவையே கடித உறைக்குள் போட்டு அனுப்பு.

பயமென்றால் சப்ரியிடம் கொடு. கடைசியில் அவர்தானே நிபுணர்.

அவருக்குப் போக ஆசை என்று நீ எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவரைப் பற்றி நல்லது சொல்ல இப்போது எனக்கு மனம் வராது, கெட்டது சொன்னால் உனக்கு நோகும்.

சாமினி


வெள்ளவத்தை
2025 ஜூலை 1

சாமினி,

பயமா? எனக்கா? சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து, பெட்டியைச் சரித்து, நானே திறந்தேன். சப்ரியைப் பக்கத்தில் வர விடவில்லை. மகள் ஒரு ஸ்க்ரூவை எடுத்து வாயில் போடப் பார்த்தாள், பிடுங்கியதும் வீடு அதிர அழுதாள். மாமி குசினியிலிருந்து ஓடி வந்து பெட்டியின் குடலைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். "அல்லாஹ்வே, திரும்ப பூட்டேலுமா மகள்?" பூட்டினேன். ஓடியது. பட்டம் வாங்கினது மாதிரி இருந்தது.

ரெம்மைத் தேய்த்ததும் அன்று பின்னேரம் முழுக்க விழவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன்னைக் கூப்பிட ஃபோனைக் கையில் எடுத்து, பிறகு வைத்தேன். மறுநாள் டில்ஷானி மூன்று பேரை ஒன்றாக லைனில் வைத்து என் வேலையைக் காட்டச் சொன்னாள். நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. திரும்ப வந்தபோது அவர்கள் என்னை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். பிறகு அவள் தனியாக எழுதினாள், ஜூலை ஏழாம் திகதி தொடங்கும் கிழமைதான் கடைசிக் கிழமையாம், அந்தக் கிழமையில் இப்படி நடந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

சப்ரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "விடுங்க நிஹ்லா. நான் போறேன். முடிஞ்சிச்சி" என்றார். எவ்வளவு லேசாகச் சொன்னார் தெரியுமா? நான் கீபோர்டைத் தூக்கி மேசையில் அடித்தேன். முடியவில்லை, நான் முடிக்கவில்லை, ஏழாம் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன்.

டிஷூ உள்ளே இருக்கிறது. சாதாரணத் தூசு மாதிரி இல்லை, கறுத்துப் பிசுபிசுக்கிறது. பார்த்துவிட்டு உடனே எழுது. கெஞ்சுகிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்.

நிஹ்லா


கொட்டாஞ்சேனை
2025 ஜூலை 3

நிஹ்லா,

உன் உறையைக் கிழித்ததும் என் வேலைத்தலம் முழுக்க மணத்தது. நான் டிஷூவை மூக்குக்குக் கொண்டு போகக்கூடத் தேவையிருக்கவில்லை. எடி, சாம்பிராணி!

உன் மாமியின் "வைத்தியம்" என்ன என்று இப்போது சொல். தேவையில்லை என்று படுவதையும் எழுதச் சொன்னேனா இல்லையா?

நடப்பது இதுதான். அந்த விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்து நடுவிலிருக்கும் ப்ராஸசரைக் குளிர வைக்கிறது. அது இழுப்பது சாம்பிராணிப் புகை என்றால், புகையிலிருக்கும் பிசின் தகடுகளில் ஒட்டும். அதில் தூசு ஒட்டும். அதற்கு மேலே இன்னும் பிசின். கடைசியில் காற்றுப் போக வழியில்லை. காலையில் கார்ட்டூனுக்கு அது பாரமில்லை. பின்னேரம் நீ பத்துக் கோப்பைத் திறந்து, ஜன்னலையும் சாத்திவிட்டு வேலை செய்கிறாய். சூடு ஏறுகிறது. எரிந்து போகாமலிருக்க மெஷின் தன்னைத் தானே நிறுத்துகிறது. உன் மெஷின் புத்தியுள்ள மெஷின். புத்தியோடு கட்டியவள் நான்.

சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு டியூப், பிரஷ் ஒன்று, ஸ்பிரிட் ஒரு போத்தல் அனுப்புகிறேன். தபாலை நம்ப நேரமில்லை. எங்கள் ஒழுங்கை முனையில் த்ரீவீலர் ஓட்டும் பஸீர் நானா வெள்ளவத்தைக்கு ஹயர் போகிறார், இந்தக் கடிதத்தோடு அவரே தருவார். விசிறியைத் தகடுகளோடு சேர்த்துக் கழற்று, நாலு மூலையிலும் நாலு கால் இருக்கிறது, திருப்பினால் விடும். தகடுகளை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிரஷால் கறுப்புப் போகும் வரை கழுவிக் காய விடு. பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதில் ஒரு கடலைப் பருப்பளவு ப்ராஸசரின் நடுவில் வை. கூட வைக்காதே. பிறகு பூட்டு.

ஆனால் புகை நிற்காவிட்டால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான். மாமியிடம் நீதான் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் டியூப் இல்லை.

சாமினி


வெள்ளவத்தை
2025 ஜூலை 6

சாமினி,

இதையும் பஸீர் நானாவிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் வியாழன் பின்னேரம் சாம்பிராணி போடுவது வழக்கம். வீடு முழுக்கக் காட்டிவிட்டுச் சட்டியை வைத்துவிடுவார் மாமி. மெஷின் விழத் தொடங்கிய பிறகு அது தினமும் ஆகிவிட்டது. மஃரிப் தொழுததும், ஓதிக்கொண்டே, சட்டியை மேசைக்குக் கீழே பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அது விழ விழ இவர் கூடப் போட்டார். இவர் போடப் போட அது விழுந்தது. நான் கண் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், சாமினி! எனக்கு அது வீட்டு மணம். அதை ஒரு விஷயமாக எழுதத் தோன்றவே இல்லை.

மாமியிடம் சொன்னேன். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்க்க நினைத்து, கடைசியில் நேராகவே சொல்லிவிட்டேன். புகையால்தான் மெஷின் விழுகிறது, இனி அந்த அறைக்குள் வேண்டாம் என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ட புள்ள கட்டாருக்குப் போகப்படா எண்டுதான் மகள் போட்ட. நான்தான் அவன அனுப்பப் பாத்தீக்கிறேனா?"

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்துவிட்டுப் போகிறார். அவர் அழுதது எனக்கு நெஞ்சை அறுக்கிறது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கமாட்டேன்.

மெஷினைக் கழுவினேன். ஸ்பிரிட் கறுப்பாக வழிந்தது. தகடுகள் வெள்ளி மாதிரி வந்தன. கடலைப் பருப்பளவு பேஸ்ட், நீ சொன்ன மாதிரியே. பூட்டி, பிஸ்மி சொல்லிப் போட்டேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் விழுந்துவிட்டது. திரும்பப் போட்டேன், இன்னும் கெதியாக விழுந்தது. முன்பு மஃரிபுக்குப் பிறகுதான் விழுந்தது, இப்போது ஓடவே மாட்டேன் என்கிறது. நாளை ஏழாம் திகதி, மதியத்துக்குப் பிறகு வேலை தொடங்குகிறது. நான் எதையோ கெடுத்துவிட்டேன். என்ன கெடுத்தேன் என்று சொல். கெடுத்தவளே திருத்துவாள்.

நிஹ்லா


கொட்டாஞ்சேனை
2025 ஜூலை 7, காலை

நிஹ்லா,

பஸீர் நானா வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறார், ஆகவே சுருக்கமாக.

ஒன்றும் கெடவில்லை. விசிறியின் நாலு காலில் ஒன்று பிடிக்கவில்லை, அவ்வளவுதான். விசிறி சாய்ந்து நிற்கிறது, ப்ராஸசரில் முழுதாகப் படவில்லை. முதல் தரம் செய்கிற எல்லோருக்கும் நடக்கும், எனக்கும் நடந்தது. நீ மதர்போர்ட் உடைந்துவிடும் என்று பயந்து மெதுவாக அழுத்தியிருப்பாய்.

திரும்பக் கழற்று. பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வை. நாலு காலின் தலையையும் முதலில் சரியான பக்கம் திருப்பி வை. பிறகு எதிரெதிர் மூலையாக அழுத்து, ஒரே பக்கத்தில் இரண்டை அழுத்தாதே. ஒவ்வொன்றும் டக் என்று சத்தம் போட வேண்டும். சத்தம் வரும் வரை அழுத்து. போர்ட் கொஞ்சம் வளையும், வளையட்டும், உடையாது. என்னோடு சண்டை பிடிக்கிற பலத்தில் பாதி போதும். பிறகு விசிறியைப் பிடித்து ஆட்டிப் பார், அசையக் கூடாது.

ஜன்னலைத் திறந்து வை. நுளம்பு கடித்தால் கடிக்கட்டும்.

மாமியிடம் இன்னொரு தரம் போ. கதைக்காவிட்டாலும் பக்கத்தில் போய் இரு. அந்த மனுஷியும் நீயும் ஒரே ஆளைத்தான் பிடித்து வைக்கப் பார்க்கிறீர்கள்.

சாமினி


வெள்ளவத்தை
2025 ஜூலை 16

என் சாமினி,

டக், டக், டக், டக். நாலாவதை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மெஷின் விழவில்லை. அந்தக் கிழமை முழுக்க ஒரு தரம் கூட இல்லை. எல்லாக் கோப்பையும் திறந்து வைத்து, டில்ஷானி கேட்டதையெல்லாம் காட்டினேன். நேற்றுப் பின்னேரம் கடிதம் வந்தது. நிரந்தரம். நான் மூன்று முறை வாசித்தேன், பிறகு மாமியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். நீ சொன்ன மாதிரி ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்ததில், அவர் ஏற்கெனவே கதைக்கத் தொடங்கியிருந்தார். என் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இரண்டு பேரும் குசினியில் நின்று சத்தம் போட்டு அழுதோம்.

சப்ரி அந்த நேரம் வீட்டில் இல்லை. வந்ததும் கடிதத்தைக் காட்டினேன். அவர் ஏமாந்து போவார் என்று பயந்துகொண்டே காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். மகள் போய் மடியில் ஏறினாள். அவளைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

"எனக்குப் போகப் பயம் நிஹ்லா. ஏஜென்ட்ட சைன் வெச்ச நாள்லேந்து பயம். ஆம்புள எப்படிச் சொல்ற? அந்த மெசின் விழுற ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்கு நடுங்கிச்சி. அந்தப் பயத்திலதான் கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தப் புள்ளைக்கி வாயில வந்தத எல்லாம் பேசிட்டு வந்த."

வாசலில் நின்று பார்த்த அந்த முகத்தை நான் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

இன்று காலை ஏஜென்ட்டிடம் போய்ப் பாஸ்போட்டைத் திரும்ப வாங்கிவிட்டார். பிறகு, சாமினிக்கு எழுதப்போகிறேன், உங்களுக்கு ஏதாவது எழுத இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. கடிதத்தில் எழுதுகிற விஷயமா இது, என்று அவர் என்னைக் கேட்டார். ஆள் முன்னால் சொன்னதை ஆள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டுமாம், அதுவும் சொன்ன இடத்திலேயே, யார் கேட்டாலும் கேட்கட்டுமாம்.

இந்த உறையில் முத்திரை இல்லை என்பதை இப்போது கவனித்திருப்பாய். பஸீர் நானாவும் கொண்டு வரவில்லை. உன் கையில் கொடுத்த ஆள், நீ வாசித்து முடிக்கும் வரை வாசலிலேயே நிற்பார், உள்ளே கூப்பிடாமல் வரமாட்டார். நான் த்ரீவீலருக்குள் இல்லை, அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தலையை நிமிர்த்திப் பார்.

நிஹ்லா